ஹெச்.ஆர். வேலைக்கு மாறுகிறீர்களா? சீனியர்களிடம் இப்படிக் கேளுங்கள்

கணக்குப் பிரிவிலிருந்து ஹெச்.ஆருக்கு வந்தபோது எனக்குக் கைகொடுத்த முறை இது. ரெஸ்யூமே எழுதுவது, எம்.பி.ஏ. வேண்டுமா என்பதெல்லாம் இதில் கிடையாது. அதற்கு வீடியோக்கள் கொட்டிக்கிடக்கின்றன.

படி 1: ஆளைப் பிடியுங்கள்

லிங்க்ட்இனில் தினமும் தத்துவம் எழுதுபவர்களை விட்டுவிடுங்கள். அம்பத்தூர், ஒரகடம் பக்கம் ஏதாவது ஆலையில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), யூனியன் பேச்சுவார்த்தை எல்லாம் பார்த்துத் தேறியவர் ஒருவர் கிடைத்தால் போதும். ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பெர்சனல் மேனேஜ்மென்ட் என்ற ஹெச்.ஆர். துறையினர் அமைப்பின் கிளைக் கூட்டங்களில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம்.

படி 2: ஒரு கேஸோடு போங்கள்

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். "சார், ஹெச்.ஆருக்கு எப்படி வர்றது?" என்று கேட்டால், "நல்லா படிங்க தம்பி" என்று முடித்துவிடுவார். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"ஒரு தொழிலாளிக்குச் சம்பளம் 20,500 ரூபாய். ஜூனில் 22,000 ஆகிறது. ஈ.எஸ்.ஐ. வரம்பு 21,000. ஜூனிலேயே பிடித்தத்தை நிறுத்திவிடலாமா?"

கூடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம். நடுவில் வரம்பைத் தாண்டினாலும் செப்டம்பர் முடியப் பிடிக்க வேண்டும், அதுவும் முழு 22,000-க்கு. தொழிலாளியிடம் 0.75 சதவீதம், அதாவது 165 ரூபாய். நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம், 715 ரூபாய்.

இந்த விதி இணையத்திலேயே கிடைக்கும். சீனியர் அதற்கு மேல் ஒன்று சொல்வார். "சம்பளம் ஏறிடுச்சு, இன்னும் ஏன் பிடிக்கிறீங்க?" என்று அந்தத் தொழிலாளி வந்து நிற்பார், அப்போது, இந்தச் சந்தாவுக்கான பலன் காலம், அதாவது ஈ.எஸ்.ஐ. சலுகைகள் கிடைக்கும் காலம், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை என்று பே ஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொண்டு விளக்க வேண்டும். பிடித்தம் நிற்கும் அக்டோபரில் அவர் பெயரை குரூப் இன்ஷூரன்ஸில் சேர்த்தாயிற்றா என்றும் பார்க்கச் சொல்வார். நீங்கள் அவரிடம் போவதே இதற்காகத்தான்.

படி 3: எக்செல்லில் போட்டுப் பாருங்கள்

ஹெச்.ஆர். சாஃப்ட்வேர் டெமோ எதற்கும் இப்போதைக்குக் காசு கட்டாதீர்கள். பத்துப் பேருக்குக் கற்பனைச் சம்பளப் பட்டியல் போட்டு, அதைச் சீனியரிடம் காட்டித் தப்பு பிடிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் குறி மட்டும்தான் வரும். ஞாயிறு காலையில் போன் செய்துவிட்டு நேரில் போங்கள். மாதம் 15-ஆம் தேதி வரை மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டுக்கும் பணம் கட்ட அதுதான் கடைசி நாள்.

பின்சேர்க்கை: "சீனியர் சொன்னதும் அரசுத் தளத்தில் இருப்பதும் வேறாக இருக்கிறதே" என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இருக்கும். அவர் பழகியது பழைய விதியாக இருக்கலாம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. ஊதியக் கணக்கில் சேராமல் விலக்கப்பட்ட படிகள் (வீட்டு வாடகைப்படி போன்றவை) மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் இப்போது ஊதியக் கணக்கில் சேரும். பேசிக்கை (அடிப்படைச் சம்பளத்தை) குறைத்துப் படிகளை ஏற்றுகிற பழைய வழக்கம் இனி எடுபடாது. அதனால் எதைச் சொன்னாலும், "இது எந்த சர்க்குலர், சார்?" என்று பணிவாகக் கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: உள்விசாரணைக் கோப்புகளைக் காட்டச் சொல்லாதீர்கள். கதையைப் பெயரில்லாமல் அவரே சொல்வார். கோப்பைக் கேட்டால் அடுத்த முறை போனை எடுக்கமாட்டார்.