கடைசிச் சொல்லிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தின் வினைமுற்றையும் தனியே படித்துப் பாருங்கள். தமிழில் பாலினப் பாகுபாடு அதிகம் ஒளிந்திருக்கும் இடம் அதுதான். "மேலாளர் விளக்கம் அளித்தார், அலுவலகத்தைப் பெருக்கும் பெண் அழுதாள்" என்று எழுதுபவர் யாரையும் இழிவுபடுத்த நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் 'ஆர்' விகுதி ஒருவருக்கும் 'ஆள்' விகுதி மற்றவருக்கும் போய்ச் சேரும்போது, மரியாதைக்கு உரியவர் யார் என்பதை அந்த வாக்கியமே முடிவு செய்துவிடுகிறது. இருவருக்கும் 'ஆர்' என்றே எழுதுங்கள். பொதுவாக ஒருவரைக் குறிக்கும்போதும் "மாணவன் தன் விண்ணப்பத்தை" என்பதை "மாணவர் தம் விண்ணப்பத்தை" என்று மாற்றினால் போதும்; ஆணையும் பெண்ணையும் பிரிக்காத 'அவர்', 'ஒருவர்' போன்ற சொற்கள் நம் மொழியிலேயே இருக்கையில் 'அவன் அல்லது அவள்' என்று நீட்ட வேண்டியதில்லை.

அடுத்து அடைமொழிகள். 'ஆண் ஓட்டுநர்' என்று எழுத மாட்டீர்கள் என்றால், செய்திக்குத் தேவைப்பட்டாலன்றி 'பெண் ஓட்டுநர்' என்றும் எழுதாதீர்கள்.

மிகுந்த கவனம் வேண்டியது வன்முறையைப் பற்றி எழுதும்போதுதான். 'கற்பழிப்பு' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: குற்றம் செய்தவனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, பாதிக்கப்பட்டவர் எதையோ இழந்துவிட்டார் என்ற தீர்ப்பு மட்டுமே இருக்கிறது. 'பாலியல் வன்கொடுமை', 'வன்புணர்வு' ஆகிய சொற்கள் நடந்ததைக் குற்றமாகவே சொல்கின்றன. சொல்லை மாற்றியபின் எழுவாயையும் பாருங்கள். "இளம்பெண் தாக்கப்பட்டார்" என்பதில் தாக்கியவர் மறைந்துவிடுகிறார். "இளம்பெண்ணை இருவர் தாக்கினர்" என்பதில் அவர்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள். "இரவில் தனியாகச் சென்ற" என்ற தொடரைத் தயங்காமல் நீக்குங்கள், ஏனென்றால் அது பழியில் ஒரு பங்கை அவர் மேலேயே சுமத்துகிறது.

'ஈவ் டீசிங்' என்ற சொல்லும் இப்படிப்பட்டதே. தமிழ்நாட்டில் 1998இல் வந்த சட்டம் அந்தப் பெயரையே தாங்கியிருந்தது. பின்னர் அதன் பெயரிலேயே 'பெண்கள் துன்புறுத்தல்' என்ற பொருள் வரும்படி திருத்தப்பட்டது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்காக வெளியிட்ட கையேடும் தவிர்க்க வேண்டியவற்றுள் அச்சொல்லைச் சேர்த்து, தெருவில் நிகழும் பாலியல் துன்புறுத்தல் என்று குறிப்பிடச் சொல்கிறது. சட்டமே கைவிட்ட சொல்லை நாம் இன்னும் தலைப்பில் வைத்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஐயம் எழுந்தால் ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றி, வாய்விட்டுப் படியுங்கள். "இரண்டு குழந்தைகளுக்குத் தாயான விஞ்ஞானி விருது பெற்றார்" என்பதில் 'தாயான' என்பதைத் 'தந்தையான' என்று மாற்றிப் பார்த்தால் அந்தத் தொடர் அங்கே தேவையில்லை என்பது உடனே தெரியும். அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவர் எந்த ஆய்வுக்காக விருது பெற்றார் என்று எழுதுங்கள்.