வாரச் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு? தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கணக்கு முறை

சாமானுக்கு எவ்வளவு ஆகிறது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அண்ணாச்சி கடை மாதப் பில்லைத்தான் சொல்வார்கள். அந்தப் பில்லில் மீன் இல்லை, கீரை இல்லை, பால் இல்லை, தண்ணீர் கேன் இல்லை, சாயங்காலம் பிள்ளைகள் தின்ற பஜ்ஜியும் இல்லை. சாப்பாட்டுச் செலவில் பாதிக்கு மேல் அந்தப் பில்லுக்கு வெளியேதான் நடக்கிறது. அதனால்தான் வாரக் கணக்கு போடுங்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன்.

நாங்கள் 5 பேர்: நான், கணவர், மாமியார், பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஏழாவது படிக்கும் மகன். கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். சம்பளம் மாதம் ஒரு முறை வரும், பேட்டா அவ்வப்போது வரும். வரவு இப்படி இரண்டு விதமாக இருக்கும் வீட்டில் செலவை ஒரே மாதத் தொகையாக வைத்துக்கொண்டால், 20ஆம் தேதிக்குப் பிறகு கையைப் பிசைய வேண்டியதுதான்.

முதல் வேலை, 4 வாரம் எழுதுவது. அந்த 4 வாரமும் எதையும் குறைக்க முயல வேண்டாம். வழக்கம்போல வாங்குங்கள், வாங்கியதை மட்டும் எழுதுங்கள். ஒரு 40 பக்க நோட்டு, அதோடு நூலில் கட்டிய ஒரு பென்சில் போதும். யார் வாங்கி வந்தாலும் பையைக் கீழே வைத்தவுடன் அவர்களே எழுத வேண்டும். போனில் பணம் கட்டுவதால் கணக்கு தானாக இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். தொகை இருக்கும், பொருள் இருக்காது. கடைக்கு 70 ரூபாய் போனது என்று மட்டும் தெரிந்து என்ன செய்வது? அதில் 20 ரூபாய் பச்சை மிளகாய்க்கும் 50 ரூபாய் சிப்ஸுக்கும் போனது என்பதுதான் நமக்கு வேண்டும்.

நோட்டின் பக்கத்தை மூன்று பத்திகளாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: மாதம், வாரம், அன்றாடம். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி, காபித்தூள் எல்லாம் மாதத்தில். காய், மீன், கோழி, முட்டை, பழம் வாரத்தில். பால், மாவு, பிஸ்கட், தண்ணீர் கேன், சாயங்காலத் தீனி அன்றாடத்தில். மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பிலும் ஏறக்குறைய இப்படித்தான் பிரித்துக் கேட்கிறார்கள். அரிசி, பருப்பு, சர்க்கரை என்றால் கடந்த 30 நாள் கணக்கு. காய், பழம், மீன், முட்டை, எண்ணெய், தின்பண்டம் என்றால் கடந்த 7 நாள் கணக்கு. சென்ற மாதம் எத்தனை கட்டு கீரை வாங்கினோம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

மாதப் பத்தியை வாரமாக்கும்போது 4ஆல் வகுக்காதீர்கள், 4.3ஆல் வகுங்கள். 4 வாரம் என்றால் 28 நாள்தான். மீதி இரண்டு மூன்று நாளுக்கான பணம் கணக்கிலேயே வராமல் போய்விடும். மாதக் கடைசியில் எண்ணெய் தீர்ந்து, 50 ரூபாய்க்குச் சில்லறையாக வாங்க ஓடும் வீடுகளில் பெரும்பாலும் சிக்கல் இந்த இரண்டு மூன்று நாளில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கணக்கை அப்படியே தருகிறேன். 26 கிலோ பொன்னி அரிசி மூட்டை 1,560 ரூபாய், ரேஷன் அரிசியும் சேர்வதால் 6 வாரம் வருகிறது, ஆக வாரத்துக்கு 260. ரேஷனில் பருப்பு, பாமாயில், சர்க்கரைக்கு வாரம் 25. மற்ற மளிகை மாதம் 3,440, வாரத்துக்கு 800. காய்கறி 600, பழம் 150, முட்டை 100, மீனும் கோழியும் 850, பால் 260, தண்ணீர் கேன் 160, அன்றாடச் சில்லறைத் தீனி 350. மொத்தம் 3,555 ரூபாய். சோப்பு, துணிப்பவுடர் போன்றவற்றுக்கு 150 ஆகிறது. அதைத் தனி வரியில் எழுதுகிறேன், சாப்பாட்டோடு கலப்பதில்லை. 3,555ஐ 5 பேருக்குப் பிரித்தால் தலைக்கு வாரம் 711 ரூபாய்.

இந்தத் தலைக்கணக்குதான் ஒப்பிட உதவும். மூன்று பேர் உள்ள வீட்டையும் ஏழு பேர் உள்ள வீட்டையும் மொத்தத் தொகையை வைத்து ஒப்பிட முடியாது. மேலே சொன்ன மத்திய அரசுக் கணக்கெடுப்பின் 2023-24 முடிவுப்படி இந்திய நகரங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். அதில் உணவுக்கு 39.68 விழுக்காடு. கணக்குப் போட்டால் மாதம் 2,776 ரூபாய், வாரத்துக்கு ஏறத்தாழ 645. தமிழ்நாட்டு நகரங்களில் மொத்தச் செலவு இந்தச் சராசரியைவிடக் கூடுதல். உங்கள் தொகை இதைவிட அதிகமாக இருந்தால் பதற வேண்டாம், குறைவாக இருந்தால் உடனே மகிழவும் வேண்டாம். குறைவாக இருப்பது சிக்கனத்தாலா, யாரோ ஒருவர் சரியாகச் சாப்பிடாததாலா என்று பார்க்க வேண்டும்.

அதே கணக்கெடுப்பில், நகரங்களில் உணவு வகைகளிலேயே அதிகப் பணம் போவது பானங்கள், பதப்படுத்திய உணவு என்ற இனத்துக்கு: மொத்தச் செலவில் 11.09 விழுக்காடு. பாலுக்கும் காய்க்கும் அதைவிடக் குறைவு. உங்கள் அன்றாடப் பத்தியைக் கூட்டிப் பார்த்தால் இது புரியும். 10, 20 என்று போவதால் செலவாகவே தோன்றாது. தீனியை நிறுத்தச் சொல்லவில்லை. பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குப் பசிக்கும். வாரத்தில் மூன்று நாள் சுண்டலோ வேர்க்கடலையோ வேகவைத்து, மற்ற நாள் கடைக்கு விடலாம். மாவுப் பாக்கெட்டுக்குப் பதில் ரேஷன் புழுங்கலரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு போட்டு அரைத்தால் இட்லி மெத்தென்று வரும். பாலுக்கு ஆவின் மாத அட்டை வாங்கிவிடுங்கள். நீலப் பாக்கெட் அரை லிட்டர் கடையில் 20 ரூபாய், அட்டைக்கு 18.50. தினமும் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டில் மாதம் 90 ரூபாய் மிஞ்சும்.

இனி மீன். வடசென்னையில் வாரக் கணக்கை ஏற்றி இறக்குவது மீன்தான், அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு துறைமுகத்துக்குப் போனால் ஊரே அங்கேதான் நிற்கும். கூட்டம் எவ்வளவோ விலையும் அவ்வளவு. வார நாளில் போக முடிந்தால் அதே மீன் இறங்கிய விலைக்குக் கிடைக்கும். மீன் விலையை மட்டும் எழுதாதீர்கள். வெட்டிச் சுத்தம் செய்பவருக்குக் கொடுத்ததையும், ஷேர் ஆட்டோ கட்டணத்தையும் மீன் வரியிலேயே சேருங்கள். பிறகு கழிவைப் பாருங்கள். கிலோ 300 ரூபாய்க்கு ஒன்றரைக் கிலோ சங்கரா வாங்கினால் 450. செதிள், செவுள், குடல், தலை போய்ச் சட்டியில் விழுவது ஏறத்தாழ ஒரு கிலோதான். ஆக அந்த மீனின் உண்மையான விலை கிலோ 450. இறாலில் தலையும் ஓடும் போனால் பாதி போய்விடும். நெத்திலியில் கழிவு மிகக் குறைவு, வஞ்சிரத் துண்டிலும் அப்படித்தான். இப்படிப் பார்த்தால், விலை அதிகம் என்று நாம் ஒதுக்கும் மீன் சில நாள் கட்டுப்படியாகும், மலிவு என்று அள்ளும் மீன் கட்டுப்படியாகாது. எங்கள் வீட்டில் மத்தியும் கானாங்கெளுத்தியும்தான் அதிகம். சத்துக்கும் குறைவில்லை, குழம்புக்கு அவற்றை மிஞ்சி எதுவும் இல்லை என்பது என் மாமியாரின் கட்சி, என்னுடையதும்தான்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகில் வரும் மீன் மட்டும் கிடைப்பதால் விலை ஏறும். அந்த 61 நாளுக்கு மீன் வரியின் தொகையை உயர்த்தாதீர்கள். தொகையை அப்படியே வைத்து, பாதியை முட்டைக்கும் கருவாட்டுக்கும் மாற்றிவிடுங்கள். தடை தொடங்கும் முன்பே கருவாடு வாங்கி, நன்றாக வெயிலில் காயவைத்து டப்பாவில் அடைத்துவிட வேண்டும். புரட்டாசியில் இது தலைகீழாகும். பலர் கவுச்சி தொடாததால் மீன் இறங்கும், காய் ஏறும். விரதம் இல்லாத வீடுகள் அந்த மாதத்தை விடக்கூடாது.

காய்கறிக்கும் இதே முறைதான்: கிலோவைக் கட்டிப் பிடிக்காமல் ரூபாயைக் கட்டிப் பிடியுங்கள். வாரம் 600 என்றால் 600தான், அதற்குள் என்ன வருகிறதோ அது. 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள். அப்படி ஏறும்போதெல்லாம் வீட்டில் மோர்க்குழம்பு, புளிக்குழம்பு, பருப்புக் கடைசல் என்று திரும்பிவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அப்படித்தான். தள்ளுவண்டியில் கூறு போட்டு விற்பதை வாங்கலாம், ஆனால் ஒரு முறையாவது வீட்டில் எடை போட்டுப் பாருங்கள். ஒரே தெருவில் ஒருவர் கூறு முக்கால் கிலோ இருக்கும், இன்னொருவர் கூறு அரைக் கிலோதான் இருக்கும். கறிவேப்பிலை, கொத்தமல்லியைக் கொசுறாகக் கொடுப்பவரிடமே வழக்கமாக வாங்குவது நல்லது.

அரிசி மூட்டை 26 கிலோவாக வருவதற்குக் காரணம் உண்டு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பெயர் அச்சிட்டு அடைத்த மூட்டைக்கு 5 விழுக்காடு ஜிஎஸ்டி. 26 கிலோவுக்கு அது இல்லை. 5 கிலோ, 10 கிலோ பையாக வாங்குபவர் அந்த வரியையும் சேர்த்தே கொடுக்கிறார். மூட்டையாக வாங்கப் பணமோ இடமோ இல்லையென்றால், அக்கம்பக்கத்து இரண்டு வீடு சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்ப் பாக்கெட்டில் முன்பக்க விலையைப் பார்க்காதீர்கள். 1 லிட்டர் 150 ரூபாய், பக்கத்தில் 850 மில்லி 135 ரூபாய் என்றால் கை இரண்டாவதற்குப் போகும். 100 மில்லிக்குக் கணக்குப் போட்டால் முதலாவது 15 ரூபாய், இரண்டாவது 15.88. கிராமுக்கோ மில்லிக்கோ என்ன விலை என்று பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்பது சட்டம். பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை வாங்குவதற்கும் ஒரு வரி வேண்டும். மாசி, பங்குனியில் புது மிளகாய் வரும்போது கொத்தவால் சாவடிப் பக்கம் போய் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் வாங்கி, மாடியில் காயவைத்து மில்லில் அரைப்போம். அதையும் தீபாவளி, பொங்கல் சாமானையும் கூட்டி 52ஆல் வகுத்து, அந்தத் தொகையை வாரந்தோறும் தனி டப்பாவில் போடுங்கள். 5,200 ஆகிறது என்றால் வாரம் 100.

கணக்கு எழுதத் தொடங்கியவுடன் பெண்கள் பலர் முதலில் குறைப்பது தங்கள் தட்டைத்தான். மீன் துண்டு எல்லாருக்கும் போட்டுவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வது, பாலை நிறுத்திக் கடுங்காபி குடிப்பது. அது நோட்டில் எங்கேயும் தெரியாது, உடம்பில் தெரியும். தலைக்கு 711 என்று பிரித்தால் என் பங்கும் 711தான். வாரம் 14 முட்டை என்றால் யாருக்கு எத்தனை என்று நோட்டில் ஒரு மூலையில் எழுதுங்கள், உங்கள் பெயரும் அதில் இருக்க வேண்டும். முட்டை, பால், பருப்பு, கீரை நான்கையும் கடைசிவரை குறைக்காதீர்கள். குறைக்க வேண்டுமென்றால் தீனியிலும், பாக்கெட் மசாலாவிலும், விருந்தினருக்கென்று வாங்கி நமுத்துப்போகும் மிக்சரிலும் கைவையுங்கள்.

அன்றன்றைக்குக் கூலி வாங்கும் வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். மாதப் பத்தி அவர்களுக்குப் பொருந்தாது. தினமும் 100 மில்லி எண்ணெய், கால் கிலோ பருப்பு என்று வாங்குவதால் அவர்கள்தான் எல்லாரையும்விட அதிக விலை கொடுக்கிறார்கள். அவர்களுக்கு என் வழி வேறு. அண்ணாச்சி கடையில் கடன் நோட்டு இருந்தால், அவர் எழுதும்போதே நீங்களும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். ரேஷனை ஒரு மாதமும் விடாதீர்கள். அரிசி இலவசம், பருப்பு 1 கிலோ 30 ரூபாய், பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். அதிலேயே பாதி பாரம் இறங்கும். பிறகு வாரம் 50 ரூபாய் ஒதுக்கி, ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் சில்லறையிலிருந்து மொத்தத்துக்கு மாற்றுங்கள். முதலில் எண்ணெய், அதில்தான் வித்தியாசம் அதிகம். அடுத்து பருப்பு, பிறகு டீத்தூள். அரிசி மூட்டை கடைசியில். அதற்குள் ரேஷன் அரிசி ஓடிக்கொண்டிருக்கும்.