ஜோடி மோதிரம் செய்யக் கொடுப்பதற்கு முன்

போன வாரம் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு ஜோடி வந்திருந்தது. கைப்பேசியில் ஒரு சிக்குக் கோலம். "அண்ணே, ரெண்டு மோதிரத்திலும் இது பூரா சுத்தி வரணும், எங்கேயும் விடக்கூடாது" என்றார் அந்தப் பெண். எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் கல்யாணத்துக்கு முன் ஒரு பத்தரிடம் நானும் இதையேதான் சொன்னேன். பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஜோடி மோதிரம் வரைந்து கொடுப்பதுதான் இப்போது என் பிழைப்பு. ரசீது வாங்கு, எடை பார் என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார். மற்றபடி எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

முழுச் சுற்று வேலைப்பாடு

விரல் பருக்கும், இளைக்கும்; பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பலருக்கு மாறியே போகும். அப்போது பத்தர் மோதிரத்தை உள்ளங்கைப் பக்கம் அறுத்து, துண்டு சேர்த்தோ எடுத்தோ பற்றவைப்பார். அமெரிக்க அளவில் ஓர் எண் மாறினால் சுற்றளவில் சுமார் 2.5 மில்லிமீட்டர். வழவழ வளையமென்றால் தடமே தெரியாது. சிக்குக் கோலமோ புள்ளிகளைச் சுற்றி அறுபடாமல் ஓடுகிற ஒற்றைக் கோடு.

என் மனைவிக்கு அளவெடுத்தது காலையில், ஏர்கான் நடுக்கும் கடையில். விரல் சுருங்கியிருந்தது. பதிவுத் திருமணத்தன்று மத்தியான வெயிலில் மோதிரம் விரல் கணுவைத் தாண்டவில்லை. கழிப்பறை சோப்பு, என் மாமியாரின் ஆலோசனைகள், பதிவாளரின் பொறுமை, எல்லாம் ஒரே அறையில். இரண்டு எண் பெரிதாக்க வேண்டியிருந்தது. ஓடி வந்த கோட்டின் நடுவே 5 மில்லிமீட்டருக்கு வெற்றுத் துண்டு, தலையில் சொட்டை விழுந்த மாதிரி. ஒரு வருடம் பார்த்துப் பார்த்து எரிச்சலாகி, உருக்கித் திரும்பச் செய்தோம். சேதாரமும் செய்கூலியும் முதலிலிருந்து. முழுச் சுற்றும் கல் பதித்த மோதிரத்துக்கும் இதே கதிதான், அறுக்கவே இடமிருக்காது.

இவ்வளவையும் சொன்ன பிறகும் "பரவாயில்லை அண்ணே, சுத்தியே வரட்டும்" என்பவர்களை என்ன செய்வது? உள்ளங்கைப் பக்கம் 8, 10 மில்லிமீட்டர் வெறுமையாக விடுங்கள். யாரும் பார்க்கப் போவதில்லை. இரு ஓரத்திலும் கோட்டை வளைத்துத் திருப்பிவிட்டால் கோலமும் அறுபடாது. வாசலில் போடும்போது ஓரப் புள்ளியில் செய்வது அதுதானே?

அளவை இரண்டு நாள், காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை எடுங்கள். நாசி கண்டார் சோற்றில் குழம்பை வெள்ளமாக ஊற்றிச் சாப்பிட்ட மறுநாள் வேண்டாம். உப்பு விரலை வீங்க வைக்கும். அப்புறம், செய்யப்போகும் அகலத்திலேயே உள்ள அளவு வளையத்தைப் போட்டுப் பாருங்கள். அகலமான மோதிரம் அதே அளவிலும் இறுக்கிப் பிடிக்கும்.

"என் அளவு 13"

எந்த நாட்டு 13? அமெரிக்க 13 பலருக்குக் கட்டைவிரலில்கூட நிற்காமல் கழன்று விழும். உள்விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லுங்கள்.

ஆளுக்கொரு மாற்று

மாற்று என்றால் தங்கத்தின் தூய்மை. அவருக்கு 750, இவருக்கு 916 என்று கேட்டு வருகிறார்கள். 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18. பக்கத்தில் வைத்தால் மஞ்சளே வேறு. ஜோடி என்று யார் சொல்வார்? அம்மாக்களுக்கு 916 குலதெய்வம் மாதிரி, அடகுக்கடைக் கணக்கில் அது நியாயமும்கூட. ஆனால் மிருதுவான தங்கம். பொடிக்கல்லைப் பிடித்திருக்கும் கம்பிகள் நாளடைவில் வளைந்து கொடுக்கும். கல் வைப்பதென்றால் இரண்டையும் 750இல் செய்யுங்கள், அம்மாவிடம் நான் பேசுகிறேன்.

ஒரே அகலம்

மாப்பிள்ளைக்கு 6 மில்லிமீட்டர் எடுப்பு. பெண்ணின் விரலில் அது குழாய்.

வெள்ளைத் தங்கம்

அந்தப் பளிச்சென்ற வெண்மை பெரும்பாலும் ரோடியம் பூச்சு. தேயும். மறுபூச்சுக்கும் காசு ஒதுக்குங்கள்.

பாட்டி நகையை உருக்குவது

நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய நகையில், துண்டுகளை ஒட்டவைக்கப் போட்ட பற்றுப் பொடி நிறைய இருக்கும். உருக்கினால் மாற்று இறங்கும். உங்கள் கண் முன்னால் உரசிப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

திரையில் பார்த்துத் தலையாட்டுவது

கணினித் திரையில் மோதிரம் வளையல் அளவில் நிற்கும். கோலக் கோடு தெளிவாகத் தெரியும். விரலுக்கு வந்ததும் அது கீறல். பிளாஸ்டிக் மாதிரியை அச்சடித்து ஒரு நாள் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்துப் பாருங்கள்.

தீபாவளிக்கு முந்தைய மாதம்

வராதீர்கள்.