பெங்களூருவில் ஒரு செலடான் கிண்ணம்: மியூராவைப் போல மண்ணிலிருந்து தொடங்குங்கள்

செலடான் என்பது நீலப்பச்சைக் கிளேஸ், அதாவது கண்ணாடி போன்ற மேல்பூச்சு, பூசிச் சுட்ட மண்பாண்டம். பெங்களூருவில் மண்பாண்ட ஸ்டூடியோக்களுக்குப் பஞ்சமில்லை. சனி, ஞாயிறு போனால் ஐ.டி. ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அங்கே போய் "செலடான் செய்யணும்" என்றால் பெரும்பாலும் ஒரு பச்சை கிளேஸ் வாளியைக் காட்டுவார்கள். தோய்த்துச் சுட்டால் பச்சையாகத்தான் வரும், பெயின்ட் அடித்த மாதிரி. அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கேஸ் சூளை இருக்கிறதா, அதில் ரிடக்‌ஷன் (காற்றைக் குறைத்துச் சுடுவது) வைப்பீர்களா? மின்சூளை மட்டும்தான் என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஏனென்றால் உண்மையான செலடானில் பச்சைச் சாயமே கிடையாது. இருப்பது இரும்பு, செங்கல்லைச் சிவப்பாக்கும் அதே இரும்பு, நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு. சூளைக்குள் போகும் காற்றைக் குறைத்தால், அரைகுறையாக எரிந்த வாயு ஆக்சிஜனுக்கு அலையும், அலைந்து அலைந்து கிளேஸில் உள்ள இரும்பு ஆக்சைடிலிருந்தே அதைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்கியதும் இரும்பின் நிறம் மாறி நீலப்பச்சை வருகிறது. மின்சூளையில் தீயே இல்லை, அப்புறம் எங்கே பிடுங்குவது?

சரி, சூளை கிடைத்துவிட்டது. உடனே கிளேஸ் ரெசிபி தேடிப் போகாதீர்கள். நான் அப்படிப் போய்த்தான் ஒரு வருடத்தை வீணாக்கினேன். மியூரா கோஹெய்ஜியைப் பற்றிப் படித்த பிறகுதான் எங்கே தப்பு என்று புரிந்தது.

1933-இல் ஜப்பானின் சாடோ தீவில் பிறந்தவர் மியூரா. வீட்டுத் தொழிலே மண்பாண்டம், அதுவும் முமியோய் என்ற, இரும்பு மிகுந்த சிவப்பு மண்ணில் செய்வது. டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்தார். தைபேயின் அரண்மனை அருங்காட்சியகத்தில் சீனாவின் தென் சோங் காலத்து அரசச் சூளையின் செலடானைப் பார்த்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது: அந்த நீலத்துக்கு அடியில் இருக்கும் மண் வெள்ளையில்லை, இரும்பேறிய கருமண், கிட்டத்தட்ட தன் ஊர் மண் மாதிரி! உலகமே நிறத்தைக் கிளேஸில் தேடிக்கொண்டிருக்க, அவர் சாடோவின் சிவப்பு மண்ணை எடுத்து அதன்மேல் செலடான் பூசினார். 1997-இல் செலடானுக்காக ஜப்பான் அவரை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' ஆக்கியது. 2006-இல் காலமானார்.

இரும்பு மிகுந்த சிவப்பு மண் காற்றைக் குறைத்துச் சுட்டால் கறுத்துவிடும். அப்படி அடியில் கருமண் இருந்தால் மேலே நீலம் ஆழமாகத் தெரியும், கிணற்றுத் தண்ணீர் மாதிரி. விளிம்பில் கிளேஸ் மெலியும் இடத்தில் மண் எட்டிப்பார்த்து ஊதாப் பழுப்பாகும், பூசாத அடிப்பாகம் இரும்பு நிறமாகும். சீனர்கள் இதை 'ஊதா வாய், இரும்புக் கால்' என்பார்கள்.

நமக்குச் சாடோ மண் கிடைக்காது. நான் ஃப்ரேசர் டவுன் பக்கம் குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனுக்குப் போனேன். அங்கே விநாயகர் சிலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தமிழிலேயே பேசினார். விஷயத்தைச் சொன்னதும், "தம்பி, இது பானை மண்ணு, அவ்வளவு சூட்டுக்குக் கொண்டுபோனா உருகி ஓடிடும்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. செலடானுக்கு 1250 டிகிரிக்கு மேல் வேண்டும், பானை மண் அதற்கு வெகுமுன்பே உப்பிச் சரிந்துவிடும். எனவே ஸ்டூடியோவில் விற்கும் ஸ்டோன்வேர் மண்ணை (அதிகச் சூடு தாங்குவது) அடிப்படையாக வைத்துக்கொண்டு, சலித்த சிவப்பு மண்ணை நூற்றுக்கு 5, 10, 15 என்று கலந்து, ஒவ்வொன்றிலும் நாலைந்து சின்னச் சோதனை வில்லைகள் செய்யுங்கள். எதில் எவ்வளவு கலந்தீர்கள் என்று பின்பக்கம் கீறி எழுதுங்கள். சோம்பல்பட்டு எழுதாமல் விட்டால் அவ்வளவு வேலையும் வீண்.

கிளேஸ் இப்போதைக்கு எளிதானதே போதும். பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் தூள் 30, சுண்ணாம்புக்கல் தூள் 20, சீனாக் களிமண் 10, அதோடு இரும்பு ஆக்சைடு 1. சீனாக் களிமண்ணில் டைட்டானியம் குறைவாக இருக்கட்டும், அது கூடினால் நீலம் போய்ப் புல் பச்சை வரும். முகக்கவசம் இல்லாமல் தூளைத் தொடாதீர்கள், குவார்ட்ஸ் தூசி நுரையீரலை விட்டுப் போகாது. 80 மெஷ் சல்லடையில் இரண்டு முறை வடிகட்டி, கட்டி மோர் பதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பூசும்போது தாராளமாகப் பூசுங்கள். மெல்லிசாகப் பூசினால் சாம்பல் நிறத்தில் அழுது வடியும். ஜேட் கல் போன்ற அந்த மங்கல் ஒளி, கிளேஸுக்குள் சிக்கிய நுண்குமிழிகளில் வெளிச்சம் சிதறுவதால் வருவது, அதற்குக் கனம் வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் தடிமனாக அப்பினால் காயும்போதே வெடித்து உரியும். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்கக் காத்திருங்கள்.

சூளை வைப்பது பழகினவர் கையில் இருக்கட்டும், பக்கத்தில் நின்று பாருங்கள். 900 டிகிரி தாண்டியதும் காற்றைக் குறைத்தால் பார்வைத் துளையில் மஞ்சள் நாக்கு நீளும். கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும், கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும்.

என் முதல் சூளைக்குள் பாதியிலேயே காற்று புகுந்துவிட்டது. பன்னிரண்டு கிண்ணமும் புழுங்கலரிசி நிறம். அழுகை வராத குறை. பிறகுதான் தெரிந்தது, ஜப்பானியர்கள் இதையும் பெய்ஷோகு, அதாவது அரிசி நிறச் செலடான் என்று ரசிக்கிறார்களாம். மனதைத் தேற்றிக்கொள்ள இது போதும், ஆனால் நான் கேட்டது நீலம்தானே.

சூளையைத் திறந்த பிறகு டிங், டிங் என்று சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். ஆறும்போது மண்ணைவிடக் கிளேஸ் அதிகமாகச் சுருங்குவதால் மேலே வலைபோல விரிசல் ஓடுகிறது, நாள்கணக்கில்கூடக் கேட்கும். பார்க்க அழகு. தினமும் ஃபில்டர் காபி குடிக்கிற கிண்ணத்தில் மட்டும் வேண்டாம், கறை இறங்கிவிடும்.

வடிவத்தில் மியூராவைக் காப்பி அடிக்காதீர்கள். அவர் செலடான் மூடிகளில் தன் ஆசியப் பயணங்களில் கண்ட மனிதர்களையும் காட்சிகளையும் வண்ணத்தில் வரைந்தவர், அது அவர் நடந்த வழி. சாகா மாநிலத்தின் நாகாஷிமா ஹிரோஷியும் 2007-இல் இதே செலடானுக்காகத் தேசியப் பொக்கிஷமானவர்தான், ஆனால் அவர் பழைய சூளைத் தடங்களில் சில்லு பொறுக்கிக் கற்றுக்கொண்டு, கனமான, செதுக்கிய உருவங்களைச் செய்தார்.

வில்லைகள் வந்ததும் டியூப் லைட்டில் வைத்து முடிவெடுக்காதீர்கள், எல்லாமே ஒரே சாம்பலாகத் தெரியும். காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் வரிசையாக அடுக்கி, 5, 10, 15 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்குப் 10-தான் பிடித்தது.