நாயிடம் கடிபட்ட பூனை: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பூனை வளர்ப்பவர்களுக்கு இந்தப் பயம் எப்போதும் உண்டு. பக்கத்து வீட்டு நாய் கவ்வி உதறிவிடும்; இல்லையென்றால் கூரைமேல் திரியும் குரங்குக் கூட்டத்திடம் பூனை மாட்டிக்கொள்ளும். தப்பி வந்து கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் பூனையை எடுத்துப் பார்த்தால் இரண்டு சின்ன ஓட்டை, கொஞ்சம் ரத்தம். "பெரிதாக ஒன்றுமில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுவதுதான் உயிருக்கே உலை வைக்கும் தவறு.

நாய் உதறியதில் உள்ளே சதை நசுங்கியிருக்கலாம், விலா எலும்பு முறிந்திருக்கலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்திருக்கலாம். வெளியே தெரிவது பல் இறங்கிய இடம் மட்டும்தான். பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது. நடக்கிறதே என்று நிம்மதி அடையாமல், உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. துண்டில் சுற்றி, பெட்டியில் வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் அன்றைக்கே காட்டிவிடுவதுதான் சரி.

வலிக்குமே என்று மனிதர்கள் போடும் பனாடோ மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதிலிருக்கும் பாராசிட்டமாலைப் பூனையின் ஈரலால் கையாள முடியாது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கும், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். புரூஃபென் வலி மாத்திரையும் ஆகாது.

டெட்டால், ஜேய்ஸ் போன்ற கிருமிநாசினிகளை ஊற்றிக் காயத்தைக் கழுவுவதும் ஆபத்து; பூனை நக்கும்போது அந்த விஷம் வயிற்றுக்குள் போகும். மஞ்சளைக் குழைத்து அப்பினால் ஓட்டை மேலே அடைபட்டு, சீழ் உள்ளேயே தங்கிவிடும். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு கலந்து கழுவினால் போதும். காயம் ஆறிவிட்டது போலத் தெரிந்தாலும் இரண்டு மூன்று நாள் கழித்து அந்த இடம் சூடாகிப் புடைத்துக்கொள்ளும். அதனால் மருத்துவர் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் ரேபிஸ் இன்னும் இருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம். கடித்தது யாருடையது என்று தெரியாத நாய் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். காயத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். வலியில் பூனை உங்களைக் கடித்துவிட்டால், குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

அப்புறம் சாப்பாடு. "பசித்தால் தானே தின்னும்" என்று விடக்கூடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறிவிடும். அதற்காகக் குழம்புச் சாற்றைக் கொடுக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். வெறும் தண்ணீரில் வேகவைத்த மீனை வெதுவெதுப்பாக மூக்கருகே வையுங்கள், அந்த வாசனைக்கே பல பூனைகள் எழுந்து வரும். காயத்தில் தையல் போட்டிருந்தால், நக்காமலிருக்க மருத்துவர் மாட்டிவிட்ட கூம்புக் கழுத்துப் பட்டையைப் பாவம் பார்த்துக் கழற்றினால் ராத்திரியோடு தையலைப் பிரித்துவிடும். மணல் தட்டையும் தினமும் கவனியுங்கள். ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் போகவில்லையென்றால் மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.