தோசைக்கல் வேண்டாம்: ஆவியிலும் குழம்பிலும் கரண்டியிலும் முட்டை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த 61 நாளும் எங்கள் ராமநாதபுரம் கடலோரத்தில் முட்டைக்கு வேலை கூடிவிடும். தினமும் ஆம்லெட் என்றால் அலுத்துப்போகும். புதிதாக அடுப்படிக்கு வருபவர்களும் செய்யக்கூடிய மூன்று வழிகள் இதோ.

இட்லிச் சட்டியில்

எனக்குப் பிடித்தது இதுதான். முட்டைக்குக் கடும் சூடு தேவையே இல்லை; வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இறுகத் தொடங்கிவிடும். கீழக்கரை வட்டலப்பம் என்ற இனிப்பில் முட்டையும் தேங்காய்ப்பாலும் கெட்டியாவது வெறும் ஆவியில்தானே!

சட்டியில் இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். துளையில்லாத இட்லித் தட்டில் நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். துளையுள்ள தட்டு என்றால் வெள்ளைக்கரு ஒழுகிவிடும், அதன்மேல் சின்னக் கிண்ணங்களை வைத்துக்கொள்ளலாம். முட்டையைத் தனியாக உடைத்துப் பார்த்து, நல்லதென்றால் குழியில் ஊற்றுங்கள். மேலே பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், உப்பு, ஒரு சிட்டிகை மிளகாய்த் தூள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்மூர் முண்டு மிளகாயை அரைத்த தூள் இருந்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் கொதித்த பிறகே தட்டை உள்ளே வையுங்கள். மூடியில் துணி கட்டினால் ஆவித்தண்ணீர் முட்டைமேல் சொட்டாது. நடுத்தரத் தீயில் 5, 6 நிமிடத்தில் மஞ்சள் கரு இளகலாக இருக்கும். 8, 10 நிமிடத்தில் முழுதாக வெந்துவிடும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முழு வேக்காடுதான் கொடுக்க வேண்டும்.

இதிலேயே இன்னொன்று: இரண்டு முட்டையை நுரை வராமல் அடித்து, அரை டம்ளர் தேங்காய்ப்பாலும் உப்பும் கலந்து, வடிகட்டிக் கிண்ணத்தில் ஊற்றிச் சிறு தீயில் 12 நிமிடம் வேகவிடுங்கள். கிண்ணத்தை அசைத்தால் நடுப்பகுதி மட்டும் லேசாக ஆட வேண்டும், அதுதான் பதம். தீ கூடினால் ஓட்டை ஓட்டையாகித் தண்ணீர் விட்டுவிடும்.

குழம்பில்

புளிக்குழம்பு கெட்டியானதும் தீயைக் குறைத்து, ஒவ்வொரு முட்டையாக இடம்விட்டு உடைத்து ஊற்றி மூடுங்கள். புளிப்பு இருப்பதால் வெள்ளைக்கரு சீக்கிரம் திரளும். 6 நிமிடத்துக்குக் கரண்டி போடவே கூடாது.

கரண்டியில்

மரக்கைப்பிடி உள்ள இரும்புக் குழிக்கரண்டியை நேராகத் தீயில் காட்டி, இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் காய்ந்ததும் வெங்காயம், மிளகு சேர்த்து அடித்த முட்டையைப் பாதிக் குழிவரை மட்டும் ஊற்ற வேண்டும், ஏனென்றால் உடனே உப்பி எழும். ஓரம் பொன்னிறமானதும் ஸ்பூனால் புரட்டிவிடுங்கள். கடற்காற்று அடிக்கும் நேரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். தீ ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அடி கருகி நடு வேகாது.

அப்புறம், முட்டை ஒட்டிய பாத்திரத்தை வெந்நீரில் போடாதீர்கள், இன்னும் இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் சுலபமாகப் போய்விடும்.