லண்டனுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறீர்களா? கடல்நாய் பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து மகனையோ மகளையோ பார்க்க இங்கிலாந்து போகிற பெற்றோர் பலர், இரண்டு மூன்று மாதம் தங்கியும் கோயில், கடைவீதி, டவர் பாலம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த நாட்டின் கடற்கரையில் கடல்நாய்கள் (ஆங்கிலத்தில் சீல்) கூட்டம் கூட்டமாகப் படுத்துக் கிடக்கும். அதையும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பது என் ஆசை.

நம் பக்கத்துக் கடலில் கடல்நாய் கிடையாது. தொண்டி, மீமிசல் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசுதான் உண்டு. அதைக் காப்பாற்ற 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆனால் ஆவுளியா மூச்சுவிட மேலே வந்துவிட்டு உடனே உள்ளே போய்விடும், கரை ஏறாது. கடல்நாய் அப்படியில்லை. இளைப்பாற, குட்டி போட, முடி உதிர்க்க எல்லாவற்றுக்கும் கரைக்கு வந்தாக வேண்டும். அதனால் முதன்முதலாகப் போகிறவர்களும் நிம்மதியாக நின்று பார்க்கலாம்.

1. முதலில் மாதத்தைப் பாருங்கள்

அங்கே இரண்டு இனம் இருக்கிறது. சாம்பல் கடல்நாய்க்கு நீண்ட மூக்கு; ஆண் 300 கிலோ வரை வளரும். மற்றொன்று சாதாரணக் கடல்நாய். உடல் சிறியது, முகம் குட்டை, நாசித் துளைகள் கீழே சேர்ந்து 'வி' வடிவில் தெரியும்.

இரண்டும் குட்டி போடும் காலம் வேறு வேறு. நம் வெயிலுக்குப் பயந்து சித்திரையில் கிளம்பி ஆடியில் திரும்புகிறவர்களுக்கு ஜூன், ஜூலையில் சாதாரணக் கடல்நாய்க் குட்டிகள் கிடைக்கும். பிறந்த சில மணி நேரத்திலேயே அந்தக் குட்டி தாயோடு நீந்தும். சாம்பல் கடல்நாய், இங்கிலாந்தின் கிழக்கே உள்ள நார்ஃபோக் மாவட்டக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை குட்டி போடும். நம் கணக்கில் ஐப்பசி நடுவிலிருந்து தை நடு வரை. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கிற நாட்களும் இதற்குள்தான் வரும். குளிரைத் தாங்க முடியும் என்றால் இந்தக் காலத்தையே தேர்ந்தெடுங்கள் என்பேன்.

ஏனென்றால் அந்தக் குட்டிகள் வெள்ளை முடியோடு மணலிலேயே கிடக்கும். பிறக்கும்போது ஏறக்குறைய 14 கிலோ. தாய்ப்பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு என்பதால் நாளுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ ஏறி, மூன்றே வாரத்தில் உருண்டு திரண்டுவிடும். அத்தனை நாளும் தாய் ஒன்றும் சாப்பிடாது. பிறகு குட்டியை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குட்டி வெள்ளை முடியை உதிர்த்துவிட்டு, பசி வந்ததும் தானாகக் கடலில் இறங்கும்.

2. அப்புறம் இடம்

ஹார்ஸி: நார்ஃபோக்கில், கிரேட் யார்மத்துக்கு வடக்கே இருக்கிறது. கார் நிறுத்தத்திலிருந்து மணல்மேட்டின் மேல் நடந்துபோய், கயிறு கட்டிய எல்லைக்கு இந்தப் பக்கம் நின்று கீழே பார்க்கலாம். குட்டிக் காலத்தில் தன்னார்வலர்கள் காவலுக்கு நிற்பார்கள். கேட்டால் ஆசையாக விளக்கம் சொல்வார்கள். படகு வேண்டாம், கட்டணச் சீட்டும் வேண்டாம். முதல் தடவைக்கு இதுதான் என் தேர்வு.

பிளேக்னி முனை: இதுவும் நார்ஃபோக்கில்தான். 1912 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் காத்துவரும் மணல்திட்டு. 2001இல் 25 குட்டிகள் பிறந்த இடத்தில் இப்போது ஆயிரக்கணக்கில் பிறக்கின்றன. பக்கத்து ஊரான மார்ஸ்டன் துறையிலிருந்து படகில் போகவேண்டும்.

டோனா நூக்: லிங்கன்ஷயரில் இருக்கிறது. வேலிக்கு அருகிலேயே தாயும் குட்டியும் கிடக்கும். சனி, ஞாயிறு கூட்டம் தாங்காது, வார நாளில் போங்கள்.

3. ஓதம் பார்க்காமல் கிளம்பாதீர்கள்

நம்மவர்கள் தவறவிடுவது இதைத்தான். தொண்டிக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும் என்பதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. நார்ஃபோக்கில் பல மீட்டர் ஏறி இறங்கும். காலையில் படகு மிதந்த கால்வாய், மதியம் வெறும் சேறாகக் கிடக்கும்.

பொதுவாக நீர் வற்றும்போது மணல்திட்டுகள் வெளியே தெரியும், கடல்நாய்களும் ஏறிப் படுக்கும். கோடையில் கரையிலிருந்தே பார்க்கப் போகிறீர்கள் என்றால் வற்று நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். மார்ஸ்டன் படகுக்கு இது தலைகீழ். நீர் பெருகினால்தான் படகே மிதக்கும், அதனால் புறப்படும் நேரம் தினமும் மாறும். அந்தத் தேதிக்கான நேரத்தைப் படகுக்காரரிடம் கேட்டு, முன்பதிவு செய்துவிட்டு, அதற்கேற்ப வீட்டை விட்டுக் கிளம்புங்கள். குட்டிக் காலத்தில் ஹார்ஸியில் இந்தக் கவலை குறைவு. குட்டிகள் கரையை விட்டு நகராது.

லண்டனிலிருந்து காரில் மூன்று மணி நேரமாவது ஆகும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். விடியுமுன் புறப்படுவது நல்லது.

4. என்ன எடுத்துப்போவது

காற்றுதான் பெரிய பாடு. சேலை கட்டுகிறவர்கள் உள்ளே தெர்மல் உடுப்பும் கம்பளிக் காலுறையும் போட்டு, மேலே காற்றுப் புகாத கோட்டு அணியுங்கள். காதை மூடும் தொப்பி கட்டாயம். மணலும் சேறுமாக இருப்பதால் செருப்பு உதவாது. எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று போதும். ஃபிளாஸ்க்கில் காபி, கைமுறுக்கு, சீப்புச் சீடை, அவ்வளவுதான்.

பேரப்பிள்ளைகளுக்கு வளைய வடிவ பிளாஸ்டிக் பறக்கும் தட்டு வேண்டாம். அந்த வளையத்தில் தலையை நுழைத்துக்கொண்டு, வளர வளரக் கழுத்து அறுபட்டு அவதிப்படும் கடல்நாய்களை அந்தக் கரையில் அடிக்கடி மீட்கிறார்கள்.

5. அங்கே நடந்துகொள்வது

நூறு மீட்டர் தள்ளியே நில்லுங்கள். கயிறோ வேலியோ கட்டியிருந்தால் அதுவே எல்லை. படுத்திருக்கும் கடல்நாய் தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? அதற்குத் தொந்தரவாக இருக்கிறது என்று பொருள். சத்தமில்லாமல் பின்னால் வாருங்கள். தலையும் வாலும் மேலே தூக்கி வாழைப்பழம் போல வளைந்து கிடந்தால் நிம்மதியாக ஓய்வெடுக்கிறது, பயப்படவேண்டாம்.

கண்ணிலிருந்து நீர் வழிந்து முகத்து முடி நனைந்திருக்கும். அழுகிறதே என்று மனம் இளகும். நமக்குக் கண்ணீர் மூக்குக்குள் வடிவதுபோல் வடிய அதற்கு வழி இல்லை, அதனால் வெளியே வழிகிறது.

தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்தால் தொடாதீர்கள், கடலுக்குள் தள்ளாதீர்கள். பெரும்பாலும் தாய் பக்கத்தில்தான் இருக்கும். ஆள் நெருங்கினால் அது திரும்பி வராமலே போகலாம். குட்டி கடித்தாலும் புண் மோசமாகிவிடும். அடிபட்டதாகத் தோன்றினால் காவலுக்கு நிற்கும் தன்னார்வலரிடம் சொல்லுங்கள், மீட்புக் குழுவை அவர்களே அழைப்பார்கள்.

அவ்வளவு தூரம் முடியாது என்கிற ஐயாவுக்கும் ஆயாவுக்கும் கென்ட் மாவட்டத்து சாண்ட்விச் ஊர் இருக்கிறது. செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் அளவில் போய்விடலாம். அங்கே ஸ்டூர் ஆற்றில் படகில் உட்கார்ந்தபடியே கரையில் படுத்திருக்கும் கடல்நாய்களைப் பார்க்கலாம். இதற்குக் கோடையே வசதி. படகு நேரத்தை மட்டும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.